பட்டாளத்துக்காரர் மகளுக்கு மாட்டு டாக்டர் படிப்பு

இந்த மாதப் பாடம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்து டீ குடிக்கும்போது, திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, மிலிட்டரிப் பணத்துல படிக்க வச்சா, படிச்சு முடிச்சதும் பொட்டப்புள்ளய பட்டாளத்துக்கு இழுத்துக்கிட்டுப் போயிடுவாங்களாமே, நெசமா?"

அந்தப் பாட்டியின் பேத்திக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. பாட்டியின் மகன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். இந்தப் பயத்தினால் விண்ணப்பமே போட வேண்டாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "இல்லை பாட்டி, யாரும் இழுத்துக்கொண்டு போகமாட்டார்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். இதை ஒரு பாட்டிக்குச் சொன்னால் போதாது. நம் கூட்டமைப்பில் பட்டாளத்துக் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், நம் ஊர்களிலும் தெருவுக்கு ஒரு மிலிட்டரி வீடு உண்டு. அதனால்தான் இந்தப் பாடம்.

திட்டத்தின் பெயர் பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டம். 2006-07ல் தொடங்கியது. ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களின் பிள்ளைகளுக்கும், அவர்களுடைய விதவைகளுக்கும் உரியது. கடலோரக் காவல்படையில் இருந்து ஓய்வு பெற்றவர் வீட்டுக்கும் உண்டு. டெல்லியில் உள்ள கேந்திரிய சைனிக் போர்டு இதை நடத்துகிறது. ஆண்டுக்கு 5,500 பேருக்குக் கொடுக்கிறார்கள், பாதி பெண்களுக்கு, பாதி பையன்களுக்கு. பெண்பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய், பையனுக்கு மாதம் 2,500 ரூபாய். 2019க்கு முன்பு இது 2,250, 2,000 என்று இருந்தது. மாதாமாதம் வராது. வருடத்துக்கு ஒரு தடவை மொத்தமாகப் பிள்ளையின் பேங்க் கணக்கில் ஏறும். பெண்ணுக்கு வருடம் 36,000.

இஞ்சினியரிங், டாக்டர், பார்மசி, பி.எட். போல எத்தனையோ தொழிற்படிப்புகளுக்கு இது உண்டு. அந்த வரிசையில் கால்நடை மருத்துவமும் இருக்கிறது. அதிகபட்சம் 5 வருடம் கிடைக்கும். கால்நடை மருத்துவப் படிப்பு பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடம். ஆக ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போட்டால் பெண்பிள்ளைக்கு 1,80,000 ரூபாய். இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சொல்கிறேன்.

இது கடன் இல்லை. திருப்பிக் கட்ட வேண்டாம். பிள்ளை ராணுவத்தில் சேர வேண்டும் என்று எந்தப் பத்திரமும் எழுதி வாங்குவதில்லை. இந்தப் பணம் தேசிய பாதுகாப்பு நிதியில் இருந்து வருகிறது. அந்த நிதி 1962ல் சீனப் போர் நேரத்தில் ஏற்படுத்தப்பட்டது. அப்போது நாடு முழுக்கப் பெண்கள் வளையலும் சங்கிலியும் கழற்றிக் கொடுத்தார்கள் என்று வயதானவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாட்டியிடம் அடுத்த தடவை இதைத்தான் சொல்லப் போகிறேன்: "அன்னைக்கு உங்களப் போல இருந்தவங்க போட்ட பணம் பாட்டி, தைரியமா வாங்கிக்கலாம்."

பாட்டிக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அதிலும் ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ராணுவமே கால்நடை மருத்துவ மாணவர்களைப் படிக்க வைக்கிறது. கல்லூரிக் கட்டணம் முழுவதையும் கட்டி, கைச்செலவுக்கு மாதப் பணமும் கொடுக்கிறது. அதற்கு ஈடாக, படித்து முடித்தவர் சில வருடங்கள் ராணுவத்தில் கால்நடை மருத்துவ அதிகாரியாக வேலை செய்தே ஆக வேண்டும். நம் நாட்டில் மனிதர்களுக்கான டாக்டர் படிப்புக்கு அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. புனேயில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரியில் படிப்பவர்கள் படையில் பணி செய்ய வேண்டும். ஆனால் ஆடு மாடு டாக்டர் படிப்புக்கு நம் ராணுவம் அப்படிப் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்க வைப்பதில்லை. யாராவது வந்து "மிலிட்டரி கோட்டாவில் வெட்டினரி சீட்டு, படிப்புச் செலவெல்லாம் ராணுவம் பார்த்துக்கும், முன்பணம் மட்டும் கட்டுங்க" என்று சொன்னால், வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிரதமர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க எந்தக் கட்டணமும் கிடையாது. இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பதற்கு வாங்கும் சில்லறைதான் செலவு.

சீட்டு விஷயம் வேறு, பணம் விஷயம் வேறு. இரண்டையும் நம்மில் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சீட்டு கொடுப்பது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். சென்னை வேப்பேரியில் இருக்கும் கல்லூரிதான் பழசு, 1903ல் தொடங்கியது. அப்புறம் நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு. கடைசியாக வந்தவை சேலம் மாவட்டம் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி. பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணை வைத்துத் தர வரிசை போட்டு இடம் தருகிறார்கள். முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீட்டில் சில இடங்கள் உண்டு. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்ப மறக்கக் கூடாது. சீட்டு கிடைத்து, பிள்ளை கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் உதவித்தொகைக்கு விண்ணப்பம்.

இப்போது என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் அக்கா வீட்டுக்காரர் பட்டாளத்தில் நாயக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பேங்க் ஒன்றில் வாட்ச்மேன். அக்கா மகளுக்குக் கால்நடை மருத்துவம் கிடைத்தது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். அக்கா என்னைத்தான் கேட்டாள்: "நீதான் கூட்டமைப்புல நாலு ஆபீஸ் ஏறி இறங்குறவ. மிலிட்டரி ஸ்காலர்ஷிப்னு மாமா சொல்றாரே, அது என்னான்னு பாரு." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முதல்ல பிள்ளை ஹாஸ்டல்ல செட்டில் ஆகட்டும்க்கா. இந்த வருஷம் புது இடம், புது படிப்பு. அடுத்த வருஷம் நிதானமா போடலாம்" என்றேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

அடுத்த வருடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். பழைய ஆட்கள் சோல்ஜர் போர்டு என்று சொல்வார்களே, அதுதான். மேசையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாப்பா எந்த வருஷம்?" என்றார். "ரெண்டாவது வருஷம் சார்." அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "முதல் வருஷத்துல சேர்ந்தவங்க மட்டும்தான்மா புதுசா போட முடியும். போன வருஷம் போட்டிருந்தா இந்த வருஷம் புதுப்பிச்சிருக்கலாம். இப்போ ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த 1,80,000 ரூபாய், நான் சொன்ன ஒரு வார்த்தையில் போனது. அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாமா இன்னும் ராத்திரி ஷிப்டும் சேர்த்துப் பார்க்கிறார். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்.

அதற்குப் பிறகு இந்தத் திட்டத்தைப் பற்றி யார் எது சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்ள ஆரம்பித்தேன். எழுத எழுதத்தான் ஒன்று புரிந்தது. இந்தத் திட்டத்துக்கு பிளஸ் டூவில் 60 சதவீத மதிப்பெண் போதும். கால்நடை மருத்துவத்தில் இடம் பிடிக்கிற பிள்ளை அதைவிட மிக அதிகம் எடுத்திருக்கும். ஆகவே நம் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் தடைப்படுவது பெரும்பாலும் மதிப்பெண்ணால் இல்லை. டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் காகிதத்தால்தான்.

நம் கூட்டமைப்பில் ஒரு உறுப்பினர். குழுவில் எல்லோரும் மிலிட்டரி அக்கா என்று கூப்பிடுவோம். வீட்டுக்காரர் ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்த மூன்றாம் வருடம் உடம்புக்கு முடியாமல் இறந்துவிட்டார். அக்காவுக்குக் குடும்ப பென்ஷன் வருகிறது. பத்துப் பன்னிரண்டு ஆடு வைத்திருக்கிறார். ஒரு மழைக்காலத்தில் துள்ளுமாரி வந்து ஒரே ராத்திரியில் நாலு குட்டி செத்துப் போனது. அன்றைக்கு மகள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். காலையில் வந்த கால்நடை உதவி மருத்துவர் ஒரு அம்மா. தடுப்பூசி முன்னாலேயே போட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்று சொல்லிவிட்டு, மீதி ஆடுகளுக்கு ஊசி போட்டார். பிள்ளை அவர் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள் என்று அக்கா சொல்வார்.

"பொம்பளப் புள்ளைக்கு மாட்டு டாக்டர் வேலையா, மாட்டுக் கொட்டாயில கைய விட்டுக்கிட்டு" என்று குழுவிலேயே ஒருவர் முகத்தைச் சுளித்தார். "தினமும் சாணி அள்ளுறது யாரு? பொம்பளைங்கதானே? டாக்டரா ஆனா மட்டும் அசிங்கமா?" என்று அக்கா கேட்டார். பதில் வரவில்லை.

அந்தப் பிள்ளை பிளஸ் ஒன் படிக்கும்போதே நான் போய்ச் சொல்லிவிட்டேன், என் அக்கா வீட்டில் நடந்ததையும் சேர்த்து. மறுநாளே மிலிட்டரி அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். டிஸ்சார்ஜ் புத்தகம் அடியில் இருந்தது, ஓரம் கொஞ்சம் செல் அரித்திருந்தது. பென்ஷன் ஆணை இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் மாவட்ட அலுவலகம் போனோம்.

அங்கேதான் பெரிய சிக்கல் தெரிந்தது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மகள் என்று எழுதியிருந்தது வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர். பள்ளிக்கூடச் சான்றிதழிலும் ஆதாரிலும் வேறு பெயர். பிறந்த தேதியிலும் ஒரு மாதம் வித்தியாசம். காகிதப்படி பார்த்தால் அந்த ஹவில்தாருக்கு இந்தப் பெயரில் மகளே கிடையாது! "இவ அவரு மக இல்லைன்னு சொல்றீங்களா சார்?" என்று அக்கா அழுதுவிட்டார். அவர் அப்படிச் சொல்லவில்லை. எப்படிச் சரி செய்வது என்றுதான் சொன்னார்.

ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு பதிவு அலுவலகம் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. படைவீரரின் மனைவி, பிள்ளைகள் விவரம் எல்லாம் அங்கேதான் பதிவாகி இருக்கும். பெயர் விட்டுப்போயிருந்தாலும், தப்பாக இருந்தாலும், பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், ஆதார் எல்லாம் சேர்த்து, மாவட்ட அலுவலகம் வழியாக அந்தப் பதிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். அவர்கள் திருத்தி உத்தரவு அனுப்புவார்கள். அதற்கு "பார்ட் டூ ஆர்டர்" என்று பெயர். மிலிட்டரி அக்காவுக்கு அது வர ஏழு மாதம் ஆனது. நடுவில் ஒரு தடவை பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயரின் இனிஷியல் சரியில்லை என்று திரும்பி வந்தது. பேரூராட்சிக்கும் மாவட்ட அலுவலகத்துக்குமாக எத்தனை தடவை அலைந்தோம் என்று கணக்கில்லை. ஏழு மாதம்! பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு இந்தப் பெட்டியைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் உங்கள் வீட்டில் படைவீரர் இருந்தால், பிள்ளை ஒன்பதாவது படித்தாலும் சரி, இந்த வாரமே புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கிறதா? எழுத்துக்கு எழுத்து பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா? பிறந்த தேதி சரியா? உங்கள் பெயரையும் பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிக்கொண்டவர்கள் நம்மில் நிறையப் பேர். வீட்டுக்காரர் உயிரோடு இருக்கும்போது இதைச் சரி செய்வது சுலபம். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போகிற காரியத்துக்கு, அவர் போன பிறகு நாம் பத்து சான்றிதழ் கொண்டு போக வேண்டியிருக்கிறது. முன்னாள் படைவீரர் அடையாள அட்டையும், விதவையாக இருந்தால் விதவை அடையாள அட்டையும் மாவட்ட அலுவலகத்தில் வாங்கி வைத்திருங்கள்.

இனி விண்ணப்பம். கேந்திரிய சைனிக் போர்டின் இணையதளத்தில் போட வேண்டும். வருடா வருடம் கடைசித் தேதி மாறும். அதனால் பிள்ளை கல்லூரியில் சேர்ந்த வாரமே மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று சான்றுகள் முக்கியம். ஒன்று, இவர் முன்னாள் படைவீரரின் பிள்ளைதான் என்று மாவட்ட அலுவலகம் தருவது. இரண்டு, இந்தப் பிள்ளை இந்தப் படிப்பில் முதல் வருடம் படிக்கிறது என்று கல்லூரி தரும் போனஃபைடு. மூன்று, பிள்ளையின் பெயரில் உள்ள கணக்கைப் பற்றி பேங்க் மேனேஜர் தருவது. மூன்றும் அவர்கள் கொடுத்த படிவத்தில்தான் இருக்க வேண்டும். கல்லூரி ஆபீசில் வழக்கமாக அடித்துத் தரும் போனஃபைடு செல்லாது. எங்கள் பிள்ளைக்கு முதலில் அப்படித்தான் கொடுத்துவிட்டார்கள். படிவத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு திரும்பவும் ஹாஸ்டலில் இருந்து ஆபீசுக்கு நடந்தாள்.

இன்னும் சில சின்ன விஷயம். சின்ன விஷயத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரிஜினலைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும், ஜெராக்ஸை ஸ்கேன் செய்தால் திருப்பி விடுவார்கள். போன் நம்பர் உங்கள் வீட்டு நம்பராக இருக்கட்டும். பிரவுசிங் சென்டர் தம்பி அவசரத்துக்குத் தன் நம்பரைப் போட்டுவிடுவார். அப்புறம் ஓடிபி அவருக்குப் போகும், அவர் கடை மாற்றிப் போய்விட்டால் நாம் தேட வேண்டியதுதான். பாஸ்வேர்டைப் பிள்ளையின் நோட்டிலும் எழுதுங்கள், உங்கள் சேமிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் எழுதுங்கள். பேங்க் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று வந்துவிடாதீர்கள். விண்ணப்பம் முதலில் மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். ஒரிஜினல்களை அங்கே காட்ட வேண்டும். அங்கிருந்து சென்னை, பிறகு டெல்லி. எங்கேயாவது குறை கண்டால் திருப்பி அனுப்புவார்கள், அது இணையதளத்தில்தான் தெரியும். வாரம் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

எல்லோருக்கும் கிடைக்குமா? இதைத்தான் மிலிட்டரி அக்காவும் கேட்டார். வரிசை ஒன்று இருக்கிறது. போரில் உயிர் விட்டவர்களின் குடும்பம் முதலில். அடுத்து போரில் ஊனமுற்று வெளியே வந்தவர்கள். பிறகு பணியில் இருக்கும்போது, பணியின் காரணமாக இறந்தவர்கள், ஊனமானவர்கள். வீரப் பதக்கம் வாங்கியவர்கள். அதன் பிறகுதான் சாதாரணமாக ஓய்வு பெற்றவர்களின் குடும்பம். நம்மில் பெரும்பாலோர் இந்தக் கடைசி வரிசை. இங்கே மதிப்பெண் பார்த்துத் தேர்வு செய்வார்கள். ஓய்வுக்குப் பிறகு நோயில் இறந்தால் அது பணியில் இறந்ததாகச் சேராது. "அப்போ புருஷன் இல்லாதவளுக்கு முன்னுரிமை கிடையாதா?" என்றார் அக்கா. இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கும் மனசு ஒப்பவில்லை. ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. பிள்ளையின் மதிப்பெண் நன்றாக இருந்ததால் பெயர் வந்தது.

பெயர் வந்தது, பணம் உடனே வரவில்லை. இதை எல்லா அம்மாக்களும் கவனமாகக் கேட்க வேண்டும். உதவித்தொகையை நம்பிக் கல்லூரியில் சேர்க்கும்போது கையை வீசிக்கொண்டு போகக் கூடாது. சேர்க்கைக் கட்டணம், ஹாஸ்டல் டெபாசிட், மெஸ் பணம், வெள்ளைக் கோட்டு, புத்தகம் என்று முதல் மாதத்திலேயே கேட்பார்கள். உதவித்தொகை எங்கள் பிள்ளைக்கு வந்தபோது முதல் வருடம் முடிந்துவிட்டது. ஊரில் ஒருவர் நூற்றுக்கு ஐந்து ரூபாய் வட்டிக்குத் தருகிறேன் என்று வீடு தேடி வந்தார், பென்ஷன் புத்தகத்தை அடகாகக் கேட்டார். அக்கா குழுவில் சொன்னார். குழு அவருக்கு 20,000 ரூபாய் கல்விக் கடன் தீர்மானம் போட்டது, ஒரு ரூபாய் வட்டி. அந்தக் கூட்டத்தில் சத்தம் இல்லாமல் இல்லை. "ஸ்காலர்ஷிப் வரலைன்னா எப்படிக் கட்டுவ?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. "ரெண்டு கிடா விப்பேன்" என்றார் அக்கா. அதையும் தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பென்ஷன் புத்தகத்தை யாருக்கும் அடகு கொடுக்காதீர்கள், சொந்தத் தம்பிக்குக் கூட.

வேறு உதவிகளையும் விட்டுவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படித்த பிள்ளைக்குத் தொழிற்படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதே பெண்பிள்ளைகளுக்காக 2022 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. முன்னாள் படைவீரர் நலத்துறையில் தொகுப்பு நிதியில் இருந்தும் கல்வி உதவி உண்டு. எதையெதைச் சேர்த்து வாங்கலாம், எதைக் கூடாது என்று அந்த அலுவலகத்திலேயே வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். மறைத்து வாங்கி, பிறகு திருப்பிக் கட்டச் சொன்னால் பிள்ளைக்குத்தான் அவமானம்.

இரண்டாம் வருடம் முதல் புதுப்பிக்க வேண்டும். பிள்ளை ஒவ்வொரு வருடமும் 50 சதவீதத்துக்குக் குறையாமல் வாங்கித் தேறியிருக்க வேண்டும். கால்நடை மருத்துவத்தில் முதல் வருடம் உடற்கூறு பாடம் கஷ்டம் என்கிறாள் எங்கள் பிள்ளை. மாட்டு எலும்பு, குதிரை எலும்பு, நாய் எலும்பு எல்லாவற்றையும் பெயரோடு மனப்பாடம் செய்ய வேண்டுமாம். பிள்ளை போன் பண்ணும்போது "சாப்பிட்டியா" என்று கேட்பதோடு "பரீட்சை எப்போ" என்றும் கேளுங்கள். ஆனால் மிரட்ட வேண்டாம்.

கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் இரண்டு மூன்று கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன்.

"எங்க வீட்டுக்காரர் சி.ஆர்.பி.எஃப். எங்களுக்கு உண்டா?" சைனிக் போர்டு வழியாகக் கிடையாது. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்தியப் படைகளுக்கு உள்துறை அமைச்சகம் தனியாக இதே பெயரில் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. தேசிய கல்வி உதவித்தொகை இணையதளத்தில் போட வேண்டும். தொகை இதே அளவுதான்.

"இன்னும் சர்வீஸ்ல இருக்காரு, இப்பவே போடலாமா?" முடியாது. ஓய்வு பெற்றவர்களுக்குத்தான். பணியில் இருக்கும்போதே பணியின் காரணமாக இறந்துவிட்டால் மட்டும் அந்தக் குடும்பத்துக்கு உண்டு. ஆனால் புத்தகத்தில் பிள்ளைகளின் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று அவர் லீவில் வரும்போதே கேளுங்கள்.

"படிச்ச பிறகு புள்ளையே ஆசைப்பட்டா மிலிட்டரியில சேரலாமா?" இதைக் கேட்டது அந்தப் பாட்டியின் பேத்தி! தாராளமாகச் சேரலாம். ராணுவத்தில் கால்நடைகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. 1779ல் வங்காளத்தில் தொடங்கியது, இன்று அதன் பயிற்சி மையம் மீரட்டில் இருக்கிறது. மோப்ப நாய், குதிரை, மலையில் சுமை தூக்கும் கோவேறு கழுதை, ஒட்டகம் எல்லாவற்றையும் அந்தப் பிரிவின் டாக்டர்கள்தான் பார்க்கிறார்கள். கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றவர்கள், 21 முதல் 32 வயதுக்குள், நேர்முகத் தேர்வில் தேறினால் கேப்டன் பதவியில் சேரலாம். 2023ல் வந்த அறிவிப்பில் 20 இடத்தில் 3 இடம் பெண்களுக்கு. இது பட்டம் வாங்கிய பிறகு பிள்ளையின் சொந்த விருப்பம். உதவித்தொகைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பாட்டியின் பேத்திக்கு இந்த வருடம்தான் முதல் வருடம். டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பார்த்தேன், பெயர் சரியாக இருக்கிறது, தேதியும் சரி. வருகிற செவ்வாய்க்கிழமை அவளுடைய அம்மாவும் நானும் மாவட்ட அலுவலகம் போகிறோம். அந்தப் பக்கத்துக் குழுக்களில் வேறு யாருக்காவது புத்தகம் காட்ட வேண்டியிருந்தால், காலை ஏழரை மணி பஸ்ஸுக்கு வந்துவிடுங்கள். ஒரிஜினலோடு இரண்டு ஜெராக்ஸும் பிள்ளையின் இரண்டு போட்டோவும் கொண்டு வாருங்கள். மிலிட்டரி அக்காவும் வருகிறார். முதல் வருடப் பணம் வந்த மறுநாளே அவர் குழுக் கடனை வட்டியோடு கட்டிவிட்டார். கிடா இரண்டும் கொட்டகையில்தான் இருக்கின்றன.